கட்டிலுக்குக் கீழே நாலு சாக்கு

நர்சு படிக்கிற புள்ளைகள் எங்கள் ஊருக்கு வந்தது ஆடி மாசக் கடைசியில். ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். பேரைச் சொன்னால், ஏற்கெனவே என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டார்கள்.

காலேஜ் வேன் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் வந்து நிற்கும். நீலச் சேலை, அதுக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கொண்டையைச் சுற்றி வலை, தோளில் ஒரு கனத்த பை. எல்லாம் ஒரே அச்சாக இறங்குவார்கள். கூட ஒரு மேடம் வருவார். ஆளுக்கு அஞ்சு வீடு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தந்த வீட்டுக்குப் போய் உடம்பைச் சோதித்து, கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு போகணும். அவர்களுக்கு அது படிப்பு.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நெட்டைப் புள்ளை. தேனிப் பக்கம். இருபது வயசு இருக்கும். கதவுக்கு வெளியே நின்றே, "அம்மா, வரலாமா?" என்று கேட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு அச்சடித்த பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தலைப்பை வாசித்தாள். நலிவுற்ற பெண்கள் உள்ள குடும்பம்.

"யாரு நலிஞ்சது?" என்றேன்.

"இல்லம்மா, அது பாரத்துல இருக்குற தலைப்பு. நீங்க கணவர் இல்லாதவங்க, உங்க மருமக கர்ப்பமா இருக்காங்க. அதனால..."

"நான் கணவர் இல்லாதவ, சரி. நலிஞ்சவ யாரு? இந்த வீட்டுல ஒரு நாளாவது உலை வைக்காம இருந்துருக்கமான்னு தெருவுல கேட்டுட்டு வந்து எழுது."

என் மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஏழு மாசம் அவளுக்கு. முதல் புள்ளை. என் மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் இருபது நாள் ஆகும் திரும்பி வர. வீட்டில் நானும் அவளும்தான். அந்தப் புள்ளையும் சிரித்துவிட்டு, பாரத்தில் அந்தத் தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டாள்.

நான் முப்பது வருசத்துக்கு மேல் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகினவள். என் பத்து விரலும் பத்தாகவே இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாராலும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. உள்ளே போகும்போது கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிடுவேன். நைலான் சேலை கட்டிக்கொண்டு போனதில்லை. எதையும் தரையோடு இழுத்ததில்லை, தூக்கித்தான் வைப்பேன். நெருப்பு வைத்தால்தான் வெடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உரசினாலே போதும். இதெல்லாம் என் உடம்பில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம்தான் நான் சொல்ல வந்த விசயத்துக்கே காரணம்.

அந்த வருசம் சீசன் நேரத்தில் கம்பெனிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்து பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஏஜென்ட் ஒருவன் வண்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தான். மருந்து நிறைத்துத் திரி வைத்த சின்ன வெடிகள். அதைச் சணலில் கோத்துச் சரமாகப் பின்னிக் கொடுக்கணும். வீட்டில் வைத்து இந்த வேலை பார்க்கக் கூடாது, பிடித்தால் கேஸ். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் ஊர் நண்டுசிண்டுக்கும் தெரியும்.

"பெரியம்மா, எத்தன வீட்டுல கேக்குறாக தெரியுமா?" என்றான். "எனக்கு மனசு வரல. நீங்க இருக்குற வீடுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு இறக்கிட்டுப் போவேன். உங்க கைபட்டு ஒரு பொட்டு வெடிச்சிருக்கா?"

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்துவிட்டேன். வறுமையில் விழுந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு இரக்கம் வரும். அது பாதிதான் உண்மை.

நாலு சாக்கு இறக்கினான். இரும்புக் கட்டிலுக்கு அடியில் வைத்து, மேலே போர்வையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டேன். அடுப்பை வீட்டுக்குள்ளிருந்து தூக்கிக் கொல்லைப்பக்கம் வைத்தேன். சாமி விளக்கையும் வெளிச் சுவரில் மாடத்துக்கு மாற்றினேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பேன். கதவோரத்தில் ரெண்டு வாளித் தண்ணீர் எப்போதும் தளும்ப இருக்கும். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று சன்னலைச் சாத்திவிட்டு, நானும் மருமகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னுவோம்.

அந்த நெட்டைப் புள்ளை இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். அடுப்பு வெளியே இருக்கிறது, புகை வீட்டுக்குள் வருவதில்லை, நல்ல பழக்கம். தரை சுத்தம். கை கழுவ வாசலிலேயே தண்ணீர். "மேடம்கிட்ட உங்க வீட்டப் பத்திச் சொன்னேம்மா," என்றாள் ஒரு நாள். "மத்தவங்களையும் கூட்டிட்டு வந்து காட்டலாமான்னு கேட்டாங்க."

"எதுக்கு தாயி, கூட்டம் கூடுனா மாசமா இருக்குறவளுக்கு ஆகாது," என்றேன்.

மருமகளுக்குத் தலைவலி ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். பின்னிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டு நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். மருந்து நெடி தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். கம்பெனிக்குப் போகிற பொம்பளைகளுக்கு வராத தலைவலியா. எங்கள் பக்கத்தில் அதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்றால் உள்ளே போன தூசியெல்லாம் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று நாங்கள் எல்லாரும் நம்புவோம். நானும் முப்பது வருசம் தின்றிருக்கிறேன். அவளுக்கும் ரெண்டு பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தேன். மறுநாளும் வலித்தது. மறுநாளும் கொடுத்தேன். கால் வீங்கியது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வீங்கத்தானே செய்யும் என்றேன்.

"அத்தை, அந்தப் புள்ளகிட்டக் கேட்டுப் பாப்பமா?" என்றாள்.

"என்னன்னு கேப்ப? தலை வலிக்குதும்ப. எதுனாலம்பா. அப்ப என்ன சொல்லுவ? இவுகளுக்கு ஒண்ணச் சொன்னா அதுக்குப் பின்னால பத்துக் கேள்வி கேப்பாக. சரக்கப் பின்னிக் குடுத்து முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத."

அவள் சரி என்றாள். நான் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டாள். அதையும் பெருமையாகத்தான் நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை அந்தப் புள்ளை வந்து கேள்வியாகக் கேட்டாள். தலைவலி இருக்கா? மருமகள் என்னைப் பார்த்தாள். இல்ல. கண்ணு மங்கலாத் தெரியுதா? இல்ல. வாந்தி? இல்ல. மயக்கம்? இல்ல. ஒவ்வொரு இல்லைக்கும் அந்தப் புள்ளை ஒரு கோடு போட்டாள். நான் பக்கத்தில் நின்று அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் குனிந்து, மருமகளின் முன்னங்காலில் கட்டை விரலால் அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. ஈரக் களிமண்ணில் பதிந்த மாதிரி.

"எத்தனை நாளா இப்படி?"

"சும்மா உக்காந்தே இருக்கா," என்றேன் நான். "வேல வெட்டி ஒண்ணும் பாக்குறதில்ல. அதான்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். விரலெல்லாம் சணல் அறுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதுக்கு நாலு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நாங்கள் விடிந்ததிலிருந்து பின்னிக்கொண்டிருந்தோம். வேன் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் வைத்து, போர்வையைத் தொங்கவிட்டு, தரையைத் துடைத்து, மருமகளைக் கட்டிலில் உட்கார வைத்தேன். அவள் முகம் அன்றைக்கு ஊதிப்போய் இருந்தது. கண் இமை தடித்துக் கிடந்தது. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்தப் புள்ளை உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். கையில் பட்டையைச் சுற்றி, காதில் குழாயை மாட்டி, ரத்த அழுத்தம் பார்த்தாள். பட்டையை அவிழ்த்தாள். மறுபடியும் சுற்றிப் பார்த்தாள்.

"எம்புட்டு இருக்கு?" என்றேன்.

"கூட இருக்கும்மா. ரொம்பவே கூட இருக்கு." அவள் குரல் மாறிவிட்டது. "இங்க வெளிச்சம் பத்தல. கட்டிலைக் கொஞ்சம் வாசப் பக்கம் இழுத்துக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே இரும்புச் சட்டத்தைப் பிடித்துவிட்டாள்.

சிமிண்டுத் தரையில் இரும்புக் கால் இழுபட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் போய்ச் சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "வேண்டாம் தாயி. தரை பேந்துரும். போன வருசந்தான் பூசுனது."

அவள் விட்டுவிட்டாள். பிறகு அவள் மருமகளிடம் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து, கொல்லைக்குப் போய் சிறுநீர் பிடித்து வரச் சொன்னாள். "அதுல புரதச்சத்து இறங்குதான்னு பாக்கணும்மா. இறங்கினா அவங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. இப்பவே இங்கயே பாத்துரலாம்."

மருமகள் போய்விட்டு வந்து மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். அந்தப் புள்ளை ஒரு செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்தாள், கட்டில் காலுக்கு ஒரு முழம் தள்ளி. பையை அதன் மேல் வைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். ஒரு கண்ணாடிக் குழாய். அதைப் பிடிக்கிற மரக் கிடுக்கி. ஒரு சொட்டு மருந்துப் புட்டி. கடைசியாக ஒரு சின்னக் கண்ணாடி விளக்கு, திரி போட்டது, உள்ளே ஸ்பிரிட்டு. அதுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி.

நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு விளங்கவில்லை. வரிசையாக வைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்புட்டுத்தான். அவள் விளக்கின் மூடியைக் கழற்றியபோதுதான் விளங்கியது.

"தாயி, அது எதுக்கு?"

"குழாயைச் சூடு பண்ணணும்மா. சூடு பண்ணினாத்தான் தெரியும். தாளை முக்கிப் பாக்குறதும் இருக்கு, ஆனா எங்க மேடம் விளக்குல காட்டித்தான் பழகணும்னு சொல்லியிருக்காங்க."

"வீட்டுக்குள்ள நெருப்பு வேண்டாம். வெள்ளிக்கிழம."

"வெள்ளிக்கிழமை விளக்குத்தானம்மா ஏத்துவாங்க." சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைத் தள்ளித் திறந்தாள்.

கத்தியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கம்பெனியில் எங்களுக்கு முதலில் பழகிப் போவதே கத்தாமல் இருப்பதுதான். ஒருத்தி திடுக்கிட்டால் அவள் கையில் இருப்பது கீழே விழும். நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு இருக்கும், அவளுக்கும் எனக்கும். அவள் குச்சியை எடுத்துவிட்டாள். மருமகள் கட்டிலில் கல்லாக உட்கார்ந்திருந்தாள், ரெண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து. நான் குனிந்து அந்தப் புள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தேன். குச்சியின் தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"என்னம்மா?"

பிடித்த கையை விடாமல், மற்ற கையால் போர்வையைத் தூக்கினேன். சாக்கின் வாய் நாங்கள் அவசரத்தில் கட்டாமல் விட்டது. உள்ளே இருந்தது தெரிந்தது. சிவப்புத் தாளும் திரியுமாக.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியூர்ப் புள்ளை. தீபாவளிக்குத் தாளில் சுற்றி டப்பாவில் வருகிறதைத்தான் பார்த்திருப்பாள்.

"வெடியாம்மா?"

"வெடிதான்."

"எல்லாமேவா?"

"நாலு சாக்கு. வயித்துல இருக்குறதோட நம்ம நாலு பேரு."

அவள் கை நடுங்க ஆரம்பித்தது. எனக்கு உண்மையில் பயம் வந்தது அப்போதுதான். அதுவரைக்கும் பயப்பட நேரமில்லை. நடுங்குகிற கையில் ஒரு தீக்குச்சி, இன்னொரு நடுங்குகிற கையில் பெட்டி. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் குச்சியை வாங்கினேன். பிறகு பெட்டியை வாங்கினேன். வாசல் வாளியில் ரெண்டையும் போட்டு அமுக்கினேன்.

"எந்திரி. ஓடாத. நட. விளக்க மூடிக் கையில எடுத்துக்க, கீழ சிந்தாம. செல்போன வெளிய போயி எடு. ஏத்தா, நீயும் எந்திரி. கட்டில ஆட்டாம எந்திரி."

மூணு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் வெளியே வந்தோம். தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் பாத்திரம் விளக்குகிற சத்தம். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருசத்தில் அப்படி நின்றதில்லை.

தெருக் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். மருமகளை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அங்கே போய்ப் பக்கத்து டீக்கடையில் வாங்கின தீப்பெட்டியில் விளக்கைப் பற்றவைத்தாள் அந்தப் புள்ளை. மூணு குச்சி வீணாகப் போனது. குழாயின் மேல்பக்கத்தைத் தீயில் காட்டினாள். தெளிவாக இருந்தது கலங்கியது. புட்டியிலிருந்து ரெண்டு சொட்டு விட்டாள். தெளியவில்லை. முட்டையை வெந்நீரில் உடைத்து ஊற்றின மாதிரி வெள்ளையாகத் திரண்டு நின்றது.

"நிறைய இறங்குதும்மா," என்றாள். விளக்கை மூடி அணைத்தாள்.

திரும்பி வந்து மருமகளுக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "அக்கா, இப்ப உண்மையச் சொல்லுங்க. தலைவலி இருக்கா?"

மருமகள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றேன்.

"பத்து நாளா இருக்கு. மூணு நாளா கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது. நேத்து நெஞ்சுக் குழியில ஒரு வலி."

"ஏங்கா முதல்லயே சொல்லல?"

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்," என்றேன். "அவளக் கேக்காத. என்னக் கேளு."

அந்தப் புள்ளை போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டாள், பிறகு நூற்றியெட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். மருமகளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுருட்டி அவள் தலைக்கு வைத்தாள். வண்டி வர அரைமணி ஆகும் என்றார்கள்.

அந்த அரைமணியில் எனக்கு ரெண்டு பயம். ஒன்று மரத்தடியில் படுத்திருந்தது. இன்னொன்று வீட்டுக்குள் இருந்தது. பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், மத்தியான வெயிலில் ஓட்டுக்குக் கீழே அது வெந்துகொண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் வீடு, புள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும். தண்ணீரை ஊற்றிவிடலாம் என்றால், அரைகுறையாக நனைந்த மருந்து காய்ந்த மருந்தைவிட மோசம், தன்னாலே சூடேறும். தூக்கித்தான் ஆகணும்.

உள்ளே போனேன். ஒரு சாக்கை இரண்டு கையிலும் ஏந்தி, நெஞ்சோடு அணைத்து, தெரு வழியாக நடந்தேன். பட்டப்பகல். நாலு நடை. முதல் நடையில் எதிர்வீட்டுக்காரி பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். இரண்டாவது நடையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். மூணாவது நடையில் யாரோ ஒரு கிழவர், "என்னத்தா இது, ஊரக் காட்டிக் குடுக்கியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கை ஆடும். பொட்டலில், நிழல் விழுகிற ஒரு பள்ளத்தில், நாலையும் இறக்கி வைத்தேன்.

நாலாவதை வைத்துவிட்டுத் திரும்பும்போது மேடம் நின்றுகொண்டிருந்தார். என்னையும் பார்த்தார், சாக்கையும் பார்த்தார்.

"இதை நான் பாக்காத மாதிரி இருக்க முடியாதும்மா," என்றார்.

"பாத்ததச் சொல்லுங்க," என்றேன். "ஆனா மொதல்ல அவள ஏத்துங்க."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேடம் சொன்னார். தலையாரி வந்தார், போலீஸ் வந்தார்கள், சாக்கை எடுத்துப் போனார்கள். யார் வீட்டுச் சரக்கு என்றார்கள், என் வீட்டுச் சரக்கு என்றேன். யார் இறக்கினது என்றார்கள், அதையும் சொன்னேன். எங்கள் தெருவில் இன்னும் சில வீட்டைச் சோதித்தார்கள். இன்றைக்கும் வாய்தா என்றால் சாத்தூருக்குப் போய் நிற்கிறேன். என்னை நலிந்தவள் என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அங்கே கொஞ்சம் சலுகை கிடைக்குமாம். வக்கீல் சொன்னார். வேண்டாம் என்றேன்.

வண்டியில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் மருமகளோடு அந்தப் புள்ளை ஏறிக்கொண்டாள். சாத்தூரில் ஊசி போட்டு, இங்கே முடியாது என்று விருதுநகருக்கு அனுப்பினார்கள். நாலுவழிச் சாலையில் ஏறின கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். ஸ்ட்ரெச்சர் ஆடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் மருமகளுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே சொருகிவிட்டது. வாயோரம் நுரை. வண்டியில் வந்த ஆள் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நெட்டைப் புள்ளை அவள் தலையைத் தன் மடியில் ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். பிடித்த கை மட்டும் ஆடவில்லை. வீட்டில் தீக்குச்சியைப் பிடித்திருந்த கை அப்படி ஆடியது, இது ஆடவில்லை.

நான் சாமியைக் கூப்பிடவில்லை. வாழைப்பழமும் கருப்பட்டியும்தான் நினைவுக்கு வந்தது. பத்து நாள், நாளுக்கு ரெண்டு.

பெரியாஸ்பத்திரியில் வாசலிலேயே ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார். "எத்தனை நாளா தலைவலி? என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். நான் சத்தமாகச் சொன்னேன். பத்து நாளாத் தலைவலி. வீட்டுல வச்சுச் சரம் பின்னுற வேலை. நான்தான் பாக்கச் சொன்னேன். நான்தான் மறைக்கச் சொன்னேன். டாக்டரம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் எம்புட்டோ பயந்துகொண்டிருந்த பேச்சு, அங்கே ரெண்டு வரி.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பொம்பளைப் புள்ளை. என் உள்ளங்கையில் அடங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தாய்க்கு நினைவு திரும்ப ரெண்டு நாள் ஆகும், திரும்பினால்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த "திரும்பினால்" என்ற சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மகன் எங்கோ நாக்பூர் தாண்டி லாரியைப் போட்டுவிட்டு ரயில் ஏறியிருந்தான். அவன் போனில் கேட்டதுக்கெல்லாம் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு இடத்தில் அவன் போனை வைத்துவிட்டான்.

அந்தப் புள்ளை மறுநாள் வகுப்பு முடித்துவிட்டு வந்தாள். கையில் அதே பாரம். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, எங்க வீட்டுக் குறிப்பை இனிமே முழுசா எழுதணும்," என்றாள். எங்க வீடு என்றுதான் சொன்னாள். "நான் போட்ட கோடு எல்லாம் தப்பு. அவங்க விரலைப் பாத்தேன். அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல."

"நீ ஏன் கேக்கணும்? நான் பக்கத்துலயே நின்னேன்ல, கேக்க விடாம."

"நல்ல வீடுன்னு நெனச்சுட்டேன்மா."

பிறகு அவள், 'இல்ல' என்று போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒவ்வொன்றையும் எழுதி முடித்துவிட்டு நான் படிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

மூணாம் நாள் மருமகளுக்குக் கண் தெளிந்தது. நர்சம்மா என்னை உள்ளே விட்டார். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது. புள்ளையைக் கேட்டாள். இருக்கிறாள், பெட்டியில் இருக்கிறாள், பால் குழாயில் இறங்குகிறது என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டீகளா, அத்தை?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் குத்தம் அது.

டம்ளரில் கஞ்சி சூடாக இருந்தது. ஆற்றிக்கொண்டு நின்றேன், அவள் திரும்புகிற வரைக்கும்.